பையில் இருந்த புடவைக் கயிறு

மலர், சேகர், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஒருத்தி வீடு வீடாகப் போகிற களப்பணியாளர் ஆகிவிட்டாள். ஒருத்தன் சிகிச்சை வண்டி ஓட்டுகிறான். மாற்றுத்திறனாளிகள் வீடுகளுக்குப் போகிற வேலையில் நான் இருபத்திரண்டு வருஷம் சைக்கிளிலும் மொபெட்டிலும் சுற்றிய அதே ஊர்களுக்குத்தான் இப்போது நீங்கள் போகிறீர்கள். எனக்குப் பெருமைதான். ஆனால் இதே மாதிரி ஒரு பெருமையால் அப்போது நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். உங்களுக்குக் கொடுத்த பயிற்சியெல்லாம் எனக்குக் கிடையாது. கைகாலை எப்படி நீட்டி மடக்குவது, படிவத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் தப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு பெரியவருக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். அதற்காக ஆறு தடவை ஆபீசுக்கு அலைந்தேன். கொடுத்து இரண்டு மாதம் கழித்துப் போனால், நாற்காலி வாசலில் நிற்கிறது. அதில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருக்கிறது. பெரியவர் உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறார்.

"என்னங்கய்யா, ஏறி உக்காரலையா?" என்றேன்.

"நான் எங்க தம்பி உக்கார்றது? அது வூட்டுக்குள்ள வராது. நான் வூட்ட வுட்டு வெளிய வர மாட்டேன். நடுவுல கோழிக்குப் பிரயோசனமா இருக்கு" என்றார்.

நிலைப்படி முக்கால் அடி உயரம். வாசல் அகலம் நாற்காலிக்குப் போதாது. ஆறு தடவை ஆபீசுக்குப் போன நான் ஒரு தடவைகூட அந்த வாசலை அளக்கவில்லை. இந்தத் தப்பு சிரித்துக்கொண்டு போகிற தப்பு. இரண்டு வாரத்தில் நிலையை அகலமாக்கி, சறுக்குப் பலகை போட்டுச் சரி செய்துவிட்டோம். அடுத்தது அப்படி இல்லை.

குன்னத்துக்குத் தெற்கே ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம் என்று பூங்கொடியின் அம்மா சொன்னாள், அதனால் எழுதவில்லை. "என் பேரப் போடு மாமா" என்று பூங்கொடி சொன்னாள், அதனால் போடுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது பூங்கொடிக்கு இருபத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதம். நடக்க முடியாது. கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது, தானாக இழுக்கும். தரையில் உட்கார்ந்து நகர்ந்து போவாள். புத்தி நம்மைவிடத் தெளிவு. பேச்சு மட்டும் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக மூச்சுப் பிடித்து வரும். காத்திருந்து கேட்கிறவர்களுக்குத்தான் அவள் பேசுவாள். அப்பா இறந்துவிட்டார். அம்மா அஞ்சலை கூலி வேலைக்குப் போவாள். மக்காச்சோளத்துக்குக் களையெடுப்பு, வெங்காயம் நடுவது, பருத்தி எடுப்பது என்று வருஷம் முழுக்க ஏதாவது இருக்கும். அவள் என்னை அண்ணே என்பாள். அதனால் நான் பூங்கொடிக்கு மாமா.

அஞ்சலை வேலைக்குப் போகும்போது பூங்கொடியை வீட்டு நடுத்தூணோடு கட்டிவிட்டுப் போவாள். பழைய நூல் புடவையைக் கிழித்து முறுக்கிய கயிறு. ஒரு முனை தூணில், ஒரு முனை இடுப்பில். முன்பு ஒருநாள் அவள் நகர்ந்து போய் அணையாத அடுப்பில் கை வைத்துவிட்டாள். வலது உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கயிறு. மத்தியானம் ஓடிவந்து அவிழ்த்து, சோறு ஊட்டி, துணி மாற்றி, மறுபடி கட்டிவிட்டு ஓடுவாள்.

எனக்கு இது தெரியும். இரண்டு வருஷமாக வாரம் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். என்ன செய்தேன் என்றால், பூங்கொடிக்குத் தானாகத் தண்ணீர் குடிக்கப் பழக்கினேன். குன்னத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் எவர்சில்வர் டம்ளருக்கு இரண்டு பக்கமும் பிடி வைத்து வாங்கினேன். இரண்டு வருஷம் ஆனது. ஒருநாள் பாதிக்கு மேல் சிந்தாமல் குடித்துவிட்டாள். அன்றைக்கு ஆபீசில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்தின் புதுத் திட்டம் எங்கள் பக்கம் வந்தது. இப்போது நீங்கள் வேலை பார்க்கிறதும் அதே வழியில் வந்த வேலைதான். அதன் சாரம் இவ்வளவுதான்: ஆளைக் காப்பக இல்லத்துக்குக் கொண்டுபோகாதே, உதவியை வீட்டுக்குக் கொண்டுபோ. அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குத் தினமும் நான்கு மணி நேரம் ஒரு உதவியாளர் வீட்டுக்கே வருவார். யாருக்குத் தேவை என்று பார்க்க ஒரு அதிகாரி படிவத்தோடு வருவார்.

என் ஊர்களிலிருந்து நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் முதல் பெயர் பூங்கொடி.

அதிகாரி வருகிற நாள் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். அஞ்சலை வேலைக்குப் போகவில்லை. வீடு சாணி போட்டு மெழுகியிருந்தது. பூங்கொடிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புதுச் சுடிதார் போட்டு, பவுடர் பூசி, பூ வைத்திருந்தாள். வீட்டுக்குப் பெரிய மனுஷர் வருகிறார் என்றால் நம் ஆட்கள் வேறென்ன செய்வார்கள்? அழுக்குத் துணி, மூத்திரப் பாய், வாளி எல்லாம் பின்பக்கம் போய்விட்டன. தூணில் கயிறு மட்டும் தொங்கியது.

"அண்ணே, இத என்னா பண்றது? வெங்காய மூட்டைக்குப் பின்னாடி சொருவிடவா?" என்று கேட்டாள்.

"வேணாம், எட்டிப் பாத்தா தெரியும். இங்க குடு" என்று வாங்கி, சுருட்டி, என் தோள்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? அஞ்சலையை அதிகாரி தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பது பாதி. மீதிப் பாதியையும் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். இரண்டு வருஷமாக நான் வந்துபோகிற வீட்டில் ஒரு பெண்ணைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றால், என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

அதிகாரி பத்தரைக்கு வந்தார். நல்ல மனுஷர், அதட்டல் இல்லை. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அஞ்சலை டீ கொடுத்தாள். நான் பிடி வைத்த டம்ளரை எடுத்துப் பூங்கொடியிடம் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் பிடித்து, வாய்க்குக் கொண்டுபோய், இரண்டு மடக்குக் குடித்தாள். அவர் கை தட்டினார். நானும் தட்டினேன்.

"தானா குடிக்கிறாங்களே! சாப்பாடு?"

"கொஞ்சம் ஒத்தாசை பண்ணினாப் போதும் சார்" என்றேன் நான்.

"தனியா இருப்பாங்களாம்மா?"

"இருக்கும் சார். சமத்தா இருக்கும். ஒரு தொந்தரவும் இல்ல" என்றாள் அஞ்சலை.

அவர் எழுதிக்கொண்டே போனார். பூங்கொடியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் என் தோளில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஆபீசில், போன வீடுகளைப் பற்றி எழுதும் என் வருகைப் பதிவேட்டில், "வீடு சுத்தமாக இருந்தது. பாதுகாப்புக் குறை எதுவும் இல்லை" என்று எழுதினேன்.

மூன்று வாரத்தில் பட்டியல் வந்தது. பூங்கொடி பெயருக்கு நேராக, குறைந்த ஆதரவே போதும் என்று இருந்தது. உதவியாளர் கிடையாது. என் வாராந்திர வருகையும் மாதம் ஒன்றாகக் குறைந்தது. தேறிவிட்ட பெண்ணுக்கு வாராவாரம் எதற்கு?

அதைச் சொல்லப் போனபோது அஞ்சலை கத்தவில்லை. பருத்திக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். வேறு புடவையை முறுக்கிப் புதுக் கயிறு செய்திருந்தாள். என் பையில் இருந்ததை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை, மறந்தும் போயிருந்தேன்.

"திருச்சிப் பக்கம் ஒரு இல்லம் இருக்காம்ண்ணே. எங்ககூட பருத்தி எடுக்குறவ சொன்னா. வர்ற வெள்ளிக்கெழம கொண்டு வுட்டுடலாம்னு இருக்கேன். தெனம் பெத்த புள்ளயக் கட்டிப் போட்டுட்டுப் போற பாவம் எனக்குப் போதும்."

"அவ என்ன சொல்றா?"

"நீயே கேளு. ரெண்டு நாளா சோறு எறங்கல."

பூங்கொடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் ஆபீசில் அப்போது ஒரு பிசியோதெரபி மேடம் இருந்தது. வரதராஜன்பேட்டைப் பக்கத்துப் பெண், என்னைவிட வயதில் பாதி. மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லும். நடந்ததைச் சொன்னேன். கயிற்றையும் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அந்தப் பெண் கயிற்றைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "பூ வச்சு, பவுடர் போட்டு, கையில டீயும் குடுத்தீங்களா? ஏண்ணா, பொண்ணு பாக்கவா வந்தாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "மறுமதிப்பீடு கேக்கலாம்ல மேடம்? இந்தத் தடவ டம்ளரத் தொட வேணாம்னு சொல்லிடுறேன். படுத்தே இருக்கட்டும்."

"அத என்கிட்ட சொல்லாதீங்க. அவகிட்ட போய்ச் சொல்லுங்க, பாக்கலாம்."

போய்ச் சொன்னேன். அதிகாரி மறுபடி வருவார், டம்ளரைத் தொடாதே, ஒன்றும் முடியாதவள் மாதிரி படுத்திரு என்றேன். பூங்கொடிக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் இழுத்துக்கொண்டது. டம்ளரைக் கையால் தள்ளினாள், அது உருண்டு என் காலடிக்கு வந்தது. பேச்சு வர வெகுநேரம் ஆனது. காத்திருந்தேன்.

"ரெண்டு வருசம்... பழகினேன். குடிப்பேன். பொய் வேணாம்." மூச்சு வாங்கினாள். "நீ... கயித்தக் காட்டு."

அஞ்சலை குறுக்கே வந்தாள். "என்னாடி பேசுற? கட்டிப் போட்டேன்னு என்னயப் போலீசுல புடிச்சுக் குடுக்கவா? அண்ணே, அவ பேச்சக் கேக்காத!"

இதுதான் பிள்ளைகளே, எந்தப் பயிற்சியிலும் சொல்லாத இடம். கயிற்றைக் காட்டினால் உதவி வரலாம். இல்லையென்றால், இது கொடுமை என்று அதிகாரியே எழுதிப் பெண்ணை இல்லத்துக்கு அனுப்பிவிடலாம். அஞ்சலைமேல் வழக்கும் வரலாம். எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதையே இரண்டு பேரிடமும் சொன்னேன். தைரியம் சொல்லவில்லை. போன தடவை அவர்களுக்குப் பதிலாக நானே முடிவெடுத்துத்தான் இந்த நிலைமை.

"காட்டினாலும்... இல்லம். காட்டாட்டியும்... வெள்ளிக்கெழம இல்லம்" என்றாள் பூங்கொடி. "காட்டிட்டே... போறேன்."

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "சரி. வெள்ளிக்கெழமயத் தள்ளி வைக்கிறேன். ஆனா காட்டுறது நானாத்தான் இருக்கணும். நீ வாயத் தொறக்கக் கூடாது. போன தடவ நீ பேசினது போதும்."

ஒத்துக்கொண்டேன்.

அதிகாரிக்கு போன் செய்து, காலை ஆறரைக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

"ஆறரைக்கா? பெரம்பலூர்லேர்ந்து நான் எத்தன மணிக்குக் கெளம்புறதுங்க? பத்து மணிக்கு வரேனே."

"பத்து மணிக்கு வந்தீங்கன்னா வீடு சாத்தியிருக்கும் சார். உள்ள ஆள் இருக்கும்."

"சரி, வரேன்" என்றார்.

வந்தார். இந்தத் தடவை வீடு மெழுகவில்லை, நாற்காலி எடுக்கவில்லை. வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தார். பூங்கொடி பழைய நைட்டியில் ஈரப் பாயில் இருந்தாள். அஞ்சலை அவளைத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய்க் கழுவி, துணி மாற்றி, கொண்டுவந்து தூணில் சாய்த்து உட்கார வைத்தாள். அதற்கே முப்பது நிமிஷம். பிறகு டம்ளரில் டீ. பூங்கொடி குடித்தாள். ஒரு மடக்கு, அப்புறம் கை இழுக்கும், சிந்தும், காத்திருப்பாள், மறுபடி தூக்குவாள். யாரும் கை தட்டவில்லை. முழு டம்ளரும் முடிய இன்னொரு முப்பது நிமிஷம். அவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் படிவத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். போன தடவை அவர் பார்த்தது முதல் இரண்டு மடக்கை மட்டும்தான்.

தெருவில் லோடு ஆட்டோ ஹாரன் அடித்தது. "ஏ அஞ்சல! வண்டி கெளம்புது, வரியா, மவாராணிக்குப் பல்லக்கு வரணுமா?" என்று ஒரு பெண் குரல்.

"இந்தா வரேன்டி!" என்று அஞ்சலை கத்தினாள். என் பக்கம் கையை நீட்டினாள். பையைத் திறந்து பழைய கயிற்றைக் கொடுத்தேன். அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. தினமும் செய்கிற மாதிரியே தூணில் ஒரு முடிச்சு, இடுப்பில் ஒரு முடிச்சு போட்டாள். முடிச்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் விட்டு, இறுக்கமா என்று பார்த்தாள். தூக்குவாளியை எடுத்தாள்.

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "என்னம்மா இது?"

"நான் வேலைக்குப் போற நேரம் சார்" என்றாள். போயே விட்டாள். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

அவர் என்னிடம், "அவுத்து விடுங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, நகரவும் இல்லை. கொடுத்த வாக்கு ஒன்று. அவிழ்க்கச் சொல்ல வேண்டியவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது இன்னொன்று. அவர் முதல்முறையாகப் பூங்கொடியின் பக்கம் திரும்பி, குனிந்து, "அவுத்து விடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

அவள் பதில் வருகிறவரை அவர் காத்திருந்தார். அதை நான் அவருக்காகச் சொல்லியே ஆக வேண்டும்.

"அவுத்தா... யாரு சார் கூட இருப்பா?" என்றாள். பிறகு லேசாகச் சிரித்து, "நீங்க... இருப்பீங்களா?"

அவர் மறுபடி மூட்டைமேல் உட்கார்ந்தார். படிவத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு கேள்வியையும் அவளிடமே கேட்டார். ஒன்பதே முக்கால் ஆனது. இல்லத்துக்குப் போக விருப்பமா என்றும் கேட்டார். "இது... என் வூடு" என்றாள். அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

எழுந்தபோது என்னிடம் கேட்டார்: "போன தடவ இந்தக் கயிறு எங்கங்க இருந்தது?"

மூட்டைக்குப் பின்னால் என்று சொல்லியிருக்கலாம். அஞ்சலை வைத்தாள் என்றாகியிருக்கும். அவளும் அங்கே இல்லை.

"என் பையில சார். நாந்தான் எடுத்து வச்சேன்."

"அதையும் எழுதிக்கவா?"

"எழுதிக்குங்க சார்."

அவர் போன பிறகு, "மாமா, அவுத்து விடு" என்றாள் பூங்கொடி. அவிழ்த்தேன். அஞ்சலை மத்தியானம் வரும்வரை அங்கேயே இருந்தேன். அன்றைக்குப் போக வேண்டிய மூன்று வீடுகளுக்கு போன் போட்டு நாளைக்கு வருகிறேன் என்றேன்.

வழக்கு எதுவும் வரவில்லை. இல்லத்துக்கும் போகவில்லை. அடுத்த மாதம் உதவியாளர் வந்தார், அதே தெருவில் இருக்கிற ஒரு பெண். காலையில் நான்கு மணி நேரம். ஆனால் கயிறு ஒரே நாளில் போய்விடவில்லை. பிற்பகலுக்கு யார் என்ற கேள்வி இருந்தது. அடுப்புக்கு முன்னால் மரத் தடுப்பு அடிக்க வைத்து, பக்கத்து வீட்டில் பேசி, அஞ்சலையின் வேலை நேரத்தை மாற்றி, கயிறு தூணிலிருந்து இறங்க ஐந்து மாதம் ஆனது. திட்டம் பாதி தூரம்தான் வரும். மீதியை நீங்கள் நடக்க வேண்டியிருக்கும்.

மலர், நீ போகிற வீடுகளிலும் கயிறு இருக்கும், பூட்டு இருக்கும். கட்டினவர்களை முறைத்துப் பார்க்காதே. கூட இருக்க வேண்டிய யார் வரவில்லை என்று கேள். சேகர், வண்டியில் ஏறியதும் சிகிச்சைக்கு வருகிறவர்களிடமே பேசு, கூட வந்தவர்களிடம் இல்லை. பதில் வர நேரமாகும். வண்டி நிற்கட்டும்.

கயிற்றை மறைத்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய மேற்பார்வையாளர் வேலை வேறொருவருக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

விளக்கம் கொடுத்த அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் அலமாரியைத் திறந்து பழைய வருகைப் பதிவேட்டை எடுத்தேன். முதல் தடவை அதிகாரி வந்த நாளின் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். "பாதுகாப்புக் குறை எதுவும் இல்லை" என்று என் கையெழுத்தில் இருந்தது. அதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே இருந்த இடத்தில் அன்றைய தேதியைப் போட்டு, "கயிறு என் பையில் இருந்தது. மறைத்தவன் நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மை காய்கிறவரை பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன். பிறகு மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, சாப்பிடுவதற்குக் கை கழுவப் போனேன்.